கிப் குதிக்காத குளிர்காலம்

நோலீன் பாஸ்கோ எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அதனோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் வாங்குவாள். ஆகஸ்ட் மாதக் கடைசியில், அந்த நாட்டில் குளிர்காலம் முடியும் சமயத்தில், சமையலறை மேசைமேல் கிடந்த உதிரி பாகப் புத்தகத்தோடு அவள் மூன்று நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வாரத்தில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிடும். அதற்குள் அவளுடைய நாலு சக்கர பைக்குக்கு என்னென்ன பொருத்துவது என்று முடிவாக வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் இல்லாத சாமானே இல்லை. முன்னால் முட்டினால் தாங்கும் கம்பி, சேற்றில் மாட்டிக்கொண்டால் இழுக்கும் கம்பிச்சுருள், அடிவயிற்றுக்குத் தகடு, சக்கரத்தை அகலப்படுத்தும் வளையம், கைப்பிடியைச் சூடாக்கும் ஒயர். பக்கத்துப் பண்ணை லாய்ட் இவை அத்தனையையும் மாட்டி வைத்திருந்தான். அவன் பைக்கைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஓட்டத்தான் ஆள் இல்லை; அவன் முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"கைப்பிடி சூடாக்கறது மட்டும் வாங்கிக்கோ. மத்ததெல்லாம் சும்மா பாரம்" என்றான் லாய்ட், பால் கேனை வாங்கிப்போக வந்த இடத்தில்.

"நீ மட்டும் ஏன் எல்லாத்தையும் மாட்டின?"

"நான் ஆம்பள. கடைக்காரன் காட்டினா வாங்கிடுவேன். உனக்கு புத்தி எங்க போச்சு?"

நோலீன் சிரித்துவிட்டாள். ஆனால் பாரம் என்று அவன் சொன்னது உண்மை. பைக்கில் எதைச் சேர்த்தாலும் அது எங்கோ ஓரிடத்தில் கனக்கும். தாழ்வாகக் கனத்தால் நல்லது, உயரத்தில் கனத்தால் ஆபத்து. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வயதில் கம்பளி வெட்டும் கும்பலோடு சமைக்க வந்தவள், டெஸ் பாஸ்கோவைக் கட்டிக்கொண்டு இந்த மலையிலேயே தங்கிவிட்டாள். தைஹாபே ஊருக்குக் கிழக்கே உள்ள மண் அது, மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் வெடிக்கும். பலூன் மாதிரி டயர் போட்ட மூன்று சக்கர வண்டி வந்த காலத்திலிருந்து அவள் ஓட்டுகிறாள். ஆயிரத்து நானூறு பெட்டை ஆடுகளை இப்போது தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள்.

புத்தகத்தில் அவள் பார்க்காமல் தாண்டிய பக்கம் ஒன்றுதான். இருக்கைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் வளைவுக்கம்பி. பைக் கவிழ்ந்தால் அந்தக் கம்பி தரையில் ஊன்றிக்கொள்ளும். அடியில் கிடக்கிற ஆள் நசுங்காமல் ஒரு சந்து கிடைக்கும். அதைப் பொருத்தச் சொல்லித்தான் மகள் கெரின் ஞாயிறு தவறாமல் போனில் கத்திக்கொண்டிருந்தாள். கெரின் பாமர்ஸ்டன் நார்த்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பைக்குக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களை அவள்தான் முதலில் பார்ப்பவள்.

"அம்மா, குட்டி போடறதுக்குள்ள அத மாட்டல, நான் வேலைய விட்டுட்டு அங்க வந்து உக்காந்துருவேன். சத்தியமா சொல்றேன்."

"அத மாட்டினா கிப் எங்க நிப்பான்?"

"நாய நம்புற, பெத்த பொண்ண நம்ப மாட்டேங்கற. நல்லா இருக்கும்மா."

"நாய் கத்தாதுடி. அதான்" என்று போனை வைத்துவிட்டாள் நோலீன். பாவம், மகள் மட்டும் என்ன செய்வாள்?

கிப் பதின்மூன்று வயது நாய். கறுப்பும் வெள்ளையுமாக, ஆடுகளை முன்னால் ஓடி மடக்கும் ஜாதி. வேலையை இப்போது இரண்டு இளசுகள் செய்கின்றன. அவை வண்டிக்குப் பின்னால் ஓடிவரும். கிப் மட்டும் இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கிற தட்டில் நின்றபடி பெரிய மனுஷன் தோரணையில் வருவான். அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு விஷயம் உண்டு. சரிவின் குறுக்கே பைக்கை ஓட்டும்போது பின்னால் நிற்கும் நாயின்மேல் ஒரு கண் இருக்கும். வண்டி சாயப் போவது மனிதனின் இடுப்புக்குத் தெரிவதற்கு முன்பே நாயின் கால்களுக்குத் தெரிந்துவிடும். நாய் மேட்டுப் பக்கம் குதித்தால் ஆளும் யோசிக்காமல் குதித்துவிட வேண்டும். வண்டி போனால் போகிறது.

கிப் இப்படி நோலீனை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறான். டெஸ்ஸை எத்தனை முறை என்று கணக்கே இல்லை.

டெஸ் செத்த அன்று கிப் வண்டியில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், முள்செடிக்கு மருந்தடிக்க டெஸ் பின் தட்டில் மருந்துத் தொட்டியை ஏற்றியிருந்தான். நாய்க்கு இடமில்லை, கிப் பின்னாலேயே ஓடினான். செங்குத்தான மலையில் ஒன்றும் நடக்கவில்லை. கம்பளிக் கொட்டகைக்குப் பக்கத்தில், குழந்தை சைக்கிள் ஓட்டும் அளவுக்கான சரிவில், பாதி காலியான தொட்டியில் மருந்துத் தண்ணீர் ஒரு பக்கம் புரண்டு வண்டியைக் கவிழ்த்துவிட்டது. நோலீன்தான் போய்ப் பார்த்தாள். கிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கிப் மட்டும் தட்டில் இருந்திருந்தால் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். அந்த நினைப்பு அப்படியே உறைந்துவிட்டது. கிப் நின்ற இடத்தில் வேறொரு பொருள் நின்றது, அதனால் டெஸ் போனான். அதே இடத்தில் இப்போது கம்பியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவாள்? ஊரே சொன்னாலும் மாட்டேன் என்றுதான் நின்றாள்.

அதோடு அந்தக் குளிர்காலம் வேறு நன்றாகப் போயிருந்தது. கிப் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. மேய்ச்சல் நிலத்திலேயே கொடூரமானது பிஷப் என்கிற சரிவு. நடந்து ஏறினால் சர்ச் பிஷப் மாதிரி யாரையும் மண்டியிட வைத்துவிடும் என்பதால் டெஸ்ஸின் தாத்தா வைத்த பெயர். தினமும் காலையில் நோலீன் அதன் குறுக்கேதான் போவாள். திரும்பும்போது ஓடைப் பாதை. முன்னெல்லாம் பிஷப்பின் அடிவயிற்றோடு போனவள், ஜூன் மாதம் கொஞ்சம் மேலேறினாள். ஜூலையில் இன்னும் மேலே. திரும்பிப் பார்த்தால் கிப் அசையாமல் நின்றான்.

"இப்பல்லாம் அவன் குதிக்கறதே இல்ல லாய்ட். கை தேறிடுச்சு எனக்கு" என்று ஒருநாள் பெருமை அடித்துக்கொண்டாள்.

"அறுபத்தோரு வயசுல கை தேறின ஒரே ஆள் நீதான்" என்றான் லாய்ட்.

கடைசியில் அவள் மூன்று சாமான்களைத் தேர்ந்தெடுத்தாள். கைப்பிடி சூடாக்கும் ஒயர், ஏனென்றால் விரல்கள் காலையில் மடங்குவதில்லை. ஆழமான பல் வைத்த டயர். தாயில்லாக் குட்டிகளைக் கொண்டுவர முன்பக்கம் ஒரு சின்னப் பெட்டி. பைக்கை டிரக்கின் பின்னால் ஏற்றி, கிப்பை முன்சீட்டில் உட்காரவைத்து, ஊருக்குள் ஹோனேயின் பட்டறைக்குப் போனாள்.

ஹோனேக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவனுடைய அம்மாவும் நோலீனும் கம்பளி வெட்டும் ஒரே கும்பலில் வேலை பார்த்தவர்கள்.

"வாங்க ஆன்ட்டி. கம்பிதானே? கெரின் போன் பண்ணிச்சு" என்றான்.

"அவ பண்ணுவா. கம்பி வேண்டாம். இந்த மூணு மட்டும் போடு."

"சரி ஆன்ட்டி. நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லல, ஆனா மூஞ்சி சொல்லுதே."

"மூஞ்சிய கழட்டி வைக்க முடியாது ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினான்.

பின் தட்டு ஆடுகிறதென்று நோலீன் சொன்னதால், அதன் போல்ட்டுகளை முறுக்குவதற்காக மேலே விரித்திருந்த ரப்பர் பாயை உருவினான். கிப்புக்குக் கால் வழுக்காமல் இருக்கட்டும் என்று போன இலையுதிர்காலத்தில் அவளே தேடி வாங்கிய பாய் அது, ஒரு விரல் கனம். ஹோனே அதை வெளியே கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துச் சேற்றைக் கழுவினான். கழுவியவன் அப்படியே நின்றான்.

"ஆன்ட்டி, இத எது கடிச்சுது? பன்னி கின்னி வளக்கறீங்களா?"

நோலீன் கிட்டே போனாள். பாயின் இடது ஓரம் முழுக்க நகக் கோடுகள். ஒன்றிரண்டு அல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக, ஆழமாக, சில இடங்களில் ரப்பர் கிழிந்து அடித்துணி தெரிந்தது. வலது ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏறும்போது பிராண்டியிருப்பான்" என்றாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அது பொய் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கிப் எங்கே ஏறுகிறான்? இடுப்பு தேய்ந்து போனதிலிருந்து, தினமும் காலையில் அவள்தான் இரண்டு கையாலும் தூக்கி ஏற்றுகிறாள். இறக்குவதும் அவள்தான். ஏற முடியாதவன் குதிக்க மட்டும் முடியுமா? இவ்வளவு நாளில் ஒருதடவை யோசித்தாளா?

பிஷப்பின் குறுக்கே போகும்போது மேடு இடது பக்கம். நாய் குதிப்பது மேட்டுப் பக்கம்.

குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு நாளும், வண்டி சாயப் பார்த்த ஒவ்வொரு இடத்திலும் கிப் குதிக்கத்தான் பார்த்திருக்கிறான். பின்னங்கால் எழும்பவில்லை. நகத்தை ஊன்றி நின்றிருக்கிறான். அவன் அசையாமல் நின்றதைப் பார்த்து அவள் இன்னும் மேலே ஏறியிருக்கிறாள். கை தேறிவிட்டதாம்! சீ, என்ன பெருமை அடித்தாள்!

டிரக்கின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"ஆன்ட்டி, உக்காருங்க. டீ போடட்டா?"

"டீ வேண்டாம்" என்றாள் நோலீன். "அந்தக் கம்பி இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு."

"மாட்டு."

ஹோனே உள்ளே போய்க் கம்பியை எடுத்துவந்தான்.

அவன் துளை போடும் சத்தத்துக்கு நடுவே அவள் வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தாள். வேலை நேரம், எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள். கெரின் எடுத்துவிட்டாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. கம்பி மாட்டச் சொல்லிட்டேன்."

"கிப்புக்கு என்ன ஆச்சு?" என்றாள் கெரின்.

"அவனால குதிக்க முடியலடி. எனக்குத் தெரியவே இல்ல. அவன் பயந்து பயந்து செத்திருக்கான், நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"அம்மா..." கெரின் தயங்கினாள். "அப்பா விஷயத்துல ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு அந்தத் தண்ணி புரண்ட வேகத்துல, கிப் மேல நின்னிருந்தாலும்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே தெரியும். வேற எதையாவது நினைச்சாத்தான் தூக்கம் வந்துச்சு. இப்ப அழாத, வேலையப் பாரு. அங்க யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க."

போனை வைத்துவிட்டு, பட்டறைச் சுவரைப் பார்த்து நின்று அவளும் அழுதாள். நாலு வருஷத்து அழுகை. கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பைக்கின் பின்னால் வளைவுக்கம்பி கறுப்பாக நிமிர்ந்து நின்றது. கிப் வழக்கம்போல அதன் பக்கத்தில் வந்து, தூக்கச் சொல்லி முன்னங்காலை மிதிகட்டையில் வைத்தான். நோலீன் சேற்றிலேயே மண்டியிட்டு அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீ சொல்லிக்கிட்டேதான் இருந்த. நான்தான் கேக்கல. இனிமே நீ வரவேண்டாம்டா கண்ணா. போதும்."

அவனுக்கு என்ன புரிந்ததோ! கொல்லைக் கதவருகே சாக்கின்மேல் படுக்கவைத்துக் கட்டிவிட்டு அவள் புறப்பட்டபோது குரைத்தான். இரண்டாவது வேலியைத் தாண்டும்வரை அது கேட்டது.

பிஷப்பின் அடியில், பாதை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். கைப்பிடி இதமாகச் சூடாக இருந்தது. புது டயர்கள் மண்ணைக் கவ்விப் பிடித்தன. கம்பியும் இருந்தது. கடையில் வாங்கக்கூடியது எல்லாம் இருந்தது. மேலே பார்த்தாள். ஜூலை முழுக்க அவள் போன தடம், புல்லின் நடுவே இரண்டு கோடாக, அவ்வளவு உயரத்தில் தெரிந்தது. அங்கேயா போனேன்?

பழக்கத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தாள். தட்டில் யாரும் இல்லை. நாலு வருஷமாக அவள் பயப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கான பயத்தையும் சேர்த்து அந்த நாய் பட்டுக்கொண்டிருந்தது. இனி அவளுடைய பயத்தை அவளேதான் பட வேண்டும்.

"சரி" என்று வாய்விட்டுச் சொன்னாள். வண்டியைத் திருப்பி ஓடைப் பாதையில் விட்டாள். சுற்றிக்கொண்டு போக நாற்பது நிமிஷம் கூடுதலாக ஆனது.