நேரத்துக்குப் புறப்படாத கப்பல்கள்

பெரியப்பாவின் கதைகளில் உலகம் எத்தனை தரம் அழிந்தது என்று அவருக்கே கணக்கில்லை. ஒரே சமயத்தில் மூன்று பத்திரிகைகளுக்கு விஞ்ஞானத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். புனைபெயர்கள் நாலு. அதிலொன்று பொம்பிளைப் பெயர். அந்தப் பொம்பிளைக்குத்தான் வாசகர் அதிகம் என்று பெரியம்மா நக்கலடிப்பார்.

வேலணைத் தீவில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வளவு. காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாரென்றால், மத்தியானத்துக்குள் சனம் சனிக்கிரகம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அவரால் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் சத்தி எடுக்காமல் இருக்க முடியாது. பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் முகம் வெளிறிவிடும்.

அவருடைய விண்கப்பல்களுக்கு ஒரு வியாதி இருந்தது. நேரத்துக்குப் புறப்படா. பூமி எரிந்துகொண்டிருக்கும், கப்பல் தலைவர் ஆறுதலாக ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருத்தர் கோழியைப் பிடிக்கப் போயிருப்பார், இன்னொருத்தர் கதவைப் பூட்ட மறந்து திரும்பிப் போயிருப்பார். அவர்கள் வந்து சேர இரண்டு வாரம் ஓடிவிடும். எனக்குக் கொட்டாவி வரும்.

பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கும் வந்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அவருடைய போன் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

“அண்ணை, இந்தமுறை கப்பலை நேரத்துக்கு விடுங்கோ. ஆராவது ஒராள் விடுபட்டாத்தான் சனம் வாசிக்கும். இல்லாட்டித் தொடரை நிப்பாட்ட வேண்டி வரும்.”

பெரியப்பா, “சரி தம்பி” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கப்பல் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. ஆட்டை அவிழ்த்துவரப் போன ஒரு சிறுமி கடற்கரையில் தனியாக நின்றாள். அவளுக்கு என் பெயர். என்னை வீட்டில் கூப்பிடுகிற அதே பெயர். கீழே ‘தொடரும்’ என்று வேறு போட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். “எட, நீ விடுபட்டிட்டாய்!” என்று பின்னால் வந்து கத்தினார்கள். நான் உண்மையாகவே பயந்துபோனேன். எரிகிற பூமியில் ஒரு ஆட்டோடு என்ன செய்வது?

வீடும் என்னோடு சேர்ந்து துக்கம் காத்தது. பெரியம்மா பெரியப்பாவோடு கதைப்பதை நிறுத்தினார். அவர் கதைகளை ஒருநாளும் வாசிக்காத அம்மா அதை வாசித்துவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பெரியப்பா கோப்பையில் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். அடுத்த அத்தியாயம் ஒரு வரியும் நகரவில்லை. இவ்வளவும் எனக்காகத்தான் என்று நினைத்து, பயத்துக்குள்ளும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கடைசியில் நானே போய்க் கேட்டேன்.

“ஏன் பெரியப்பா என்னை விட்டிட்டுப் போனவை?”

“வேணுமெண்டு விடேல்லைப் பிள்ளை. மற்றக் கப்பலிலை ஏறியிருப்பாள் எண்டு நினைச்சிட்டினம்.”

“அப்ப கப்பலைத் திருப்புங்கோவன்.”

“ஏலாது. எரிபொருள் காணாது.”

“உங்கட கதைதானே!” என்று அழுதுகொண்டே கத்தினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கப்பலுக்கு நான்தான் தலைவி என்பதுபோல மெதுவாகக் கேட்டார்: “திருப்பலாமோ?”

“ஓம்.”

அடுத்த ஞாயிறு கப்பல் திரும்பி வந்தது. நான் ஏறினேன், ஆடும் ஏறியது. பௌதிகப்படி அது படுபிழை என்று ஒரு வாத்தியார் போன் எடுத்துக் கத்தியதும் வளவு முழுக்கக் கேட்டது. பெரியப்பா எல்லாவற்றுக்கும் “ஓம் ஓம்” என்றார். ஆசிரியர் முணுமுணுத்தாலும் தொடரை நிறுத்தவில்லை. அன்று பெரியம்மா பெரிய பானையில் கூழ் காய்ச்சினார். எல்லாரும் பிலாவிலையைக் கோலிக்கொண்டு குடித்தோம். பெரியப்பா மூன்றாம் தரமும் வாங்கிக் குடித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் பிழைத்துவிட்டேன்.

நான் உயர்தரம் படிக்கிற காலத்தில்தான் அம்மா சொன்னார், அந்தப் பெயர் முதலில் என்னுடையது இல்லை என்று. நான் பிறப்பதற்கு முதல் பெரியப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். ஷெல் அடிக்குள், பாலத்தால் போக வழியில்லாமல் ஊரே தீவை விட்டு ஓடிய அன்று பெரியப்பா ஒரு வள்ளத்திலும் பெரியம்மா இன்னொரு வள்ளத்திலும் ஏறியிருக்கிறார்கள். மகள் மற்றவரோடு வருகிறாள் என்று இரண்டு பேருமே நம்பியிருக்கிறார்கள். அக்கரையில் இறங்கித்தான் தெரிந்தது. வள்ளக்காரரின் காலில் விழுந்து கேட்டும் ஒருவரும் வள்ளத்தைத் திருப்பவில்லை.

கப்பல் திரும்பி வந்த அந்த ஞாயிறு கூழ் குடிக்கும்போது பெரியம்மா என் தலையைத் தடவித் தடவி, “வந்திட்டாள், வந்திட்டாள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எங்கேயும் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி இலையை நீட்டினேன்.