கலந்தரின் எரிச்சல்

இரத்தோட்டைப் பக்கம் கராம்பு மரம் ஏறுவதில் கலந்தரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். 1962 அறுவடையில், மழைக்கு வழுக்கிய கொப்பொன்று அவரைக் கீழே தள்ளியது. முள்ளந்தண்டு உடைந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை.

ஆனால் அதே கால்கள், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் ஓயாமல் எரிந்தன. "உணர்ச்சியே இல்லாத காலு எப்படி மச்சான் எரியும்?" என்று மனைவியின் தம்பி ரவூப் கேட்ட நாளிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

கைகள் சும்மா இருக்க மறுத்தன. பாயின் கோரைகளை ஒவ்வொன்றாக உருவினார். கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடையில் வாங்கிய தலைவலி மாத்திரைகளை அள்ளி விழுங்கியதில் வயிறு புண்ணானது. அப்போதுதான் மனைவி மஸூதா, சந்தைக்கு வந்துபோகும் லேகியக்காரர் ஒருவரிடம் நரம்புக்கு நல்லதென்று ஒரு டின் லேகியம் வாங்கி வந்தாள். நெல்லிக்காயளவு உருட்டித் தன் கையாலேயே ஊட்டினாள். அன்று நடுப்பகல் ளுஹர் தொழுகையிலிருந்து அந்தி மஃரிப் வரை அவர் அசையாமல் தூங்கினார்.

ஒரு வாரத்திலேயே அதில் அபின் இருப்பது கலந்தருக்குப் புரிந்துவிட்டது. மரமேறிகளில் சிலர் அதைத் தின்றுவிட்டுச் சொக்கிக் கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். மஸூதாவிடம் சொல்லவில்லை, சொன்னால் டின் போய்விடும். ஒரு வேளை இரண்டாகி, இரண்டு மூன்றானது.

மூன்றாம் வருடம் லேகியக்காரர் வரவில்லை. டின் காலியான இரண்டாம் நாளே கலந்தருக்கு வியர்த்துக் கொட்டியது; மூக்கொழுகியது; வயிற்றால் போனது. அசையாத கால்களுக்கு மேலே மீதி உடம்பு புரண்டு புரண்டு துடித்தது. பயந்துபோன மஸூதா அரசாங்க மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி தர்மராஜாவைக் கூட்டி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். கலந்தரின் இமையை விரித்துப் பார்த்தார்.

"என்ன தின்னுறனீர்?"

"ஒண்ணுமில்லங்க ஐயா."

மஸூதா வெறும் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். "இத மட்டுந்தாங்க. நாந்தான் குடுத்தேன்."

அவர் அதை மணந்து பார்த்தார். "இதிலை அபின் கிடக்கு, பிள்ளை."

மஸூதாவும் குனிந்து டின்னை மணந்து பார்த்தாள்.

"அவளுக்குத் தெரியாதுங்க ஐயா," என்றார் கலந்தர். "எனக்குத் தெரியும். மொதல்லயே தெரியும்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல்ல?"

"காலு எரியுதுன்னு சொன்னேன். யாரு நம்பினீங்க?"

தர்மராஜா டின்னை மூடினார். "எரியும். முள்ளந்தண்டு முறிஞ்ச ஆக்களுக்கு அப்பிடித்தான் எரியிறது. பொய்யில்லை."

கலந்தர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அப்போதிக்கரி அளவாக அபின் கலந்த ஒரு தண்ணீர் மருந்து தந்து, வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்தார். மஸூதாதான் அளந்து கொடுத்தாள். கலந்தர் கெஞ்சினார், ஏசினார், ஒருநாள் கோப்பையை எறிந்தார். அவள் பொறுக்கி வைத்துவிட்டு மறுவேளைக்கு அதே அளவைத்தான் ஊற்றினாள். மூன்று மாதத்தில் மருந்து நின்றது. எரிச்சல் நிற்கவில்லை.

அதன்பிறகு இரண்டு தடவை ரவூபிடம் சொல்லி வெளியூரிலிருந்து அதே லேகியத்தை வாங்கித் தின்றார். இரண்டு தடவையும் மஸூதா கேட்கும் முன்னரே அவளிடம் சொல்லிவிட்டார். கட்டிலில் சாய்ந்தபடி பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கராம்பு மொட்டுகளின் காம்பு கிள்ளிக் கொடுத்துக்கொண்டு இன்னும் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். காலையில் தேத்தண்ணி கொண்டுவரும்போது மஸூதா, "இன்னைக்கு எப்படிங்க எரியுது?" என்று கேட்பாள். அவர் ஒன்றும் குறைக்காமல் சொல்வார்.