ஒன்பது மாவும் ஒரு கோலும்

உத்திராபதி இடது கண்ணை மூடிக்கொள்கிறார். கோலின் தடித்த முனையைக் கன்னத்தோடு அணைத்து, மெல்லிய நுனியை வாசலுக்கு வெளியே நீட்டுகிறார். நுனிக்கு நேரே, தூரத்து வாய்க்கால் மேட்டில், ஓர் ஒற்றைப் பனை. கோலை விரல்களுக்குள் மெல்ல உருட்டுகிறார். நுனி பனையை விட்டு நூலளவு விலகினாலும் கோலில் எங்கோ கோணல் இருக்கிறது என்று அர்த்தம். விலகினால் மூக்கிலிருந்து "ம்ஹூம்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு வெற்றிலை போட்டு முடித்த பின்தான் இழைப்புளியைத் தொடுவார்.

அந்தப் பனை நிற்பது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலத்தின் மூலையில். இருபத்திரண்டு வருஷம் அதைக் குத்தகைக்கு உழுதவர் உத்திராபதி. போன சித்திரையோடு அது கைவிட்டுப் போயிற்று. பனையைப் பார்ப்பதற்கு மட்டும் இன்னும் யாரும் தடை போடவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் உள்ள அந்த ஊரில் அவருக்குக் கோல்காரர் என்று பெயர். மாடு ஓட்டும் கோலோ நிலம் அளக்கும் கோலோ அல்ல. பச்சைத் துணி விரித்த பெரிய மேஜையில் வண்ண வண்ணப் பந்துகளை இடித்து மூலைப் பைகளில் தள்ளுகிறார்களே, ஸ்நூக்கர், அந்த ஆட்டத்துக்கான கோல். சுற்றுவட்டாரத்தில் அவர் பார்த்த மேஜை ஒன்றே ஒன்றுதான். அது மிராசுதார் சாரங்கபாணியின் பங்களாவில் இருக்கிறது. ஊரில் மற்றவர்களுக்கு அந்தக் கோலால் கொடியில் காயும் துணியை எடுக்கலாம், அவ்வளவுதான். விற்கக் கூடாதா என்று கேட்டால் உத்திராபதிக்குக் கோபம் வரும். "வித்தா அது வேலையாயிடுங்க. வேலை செய்யத்தான் வயல் இருக்கே" என்பார். இருந்தது என்று சொல்ல அவருக்கு இன்னும் பழகவில்லை.

மேஜையைத் துடைக்கவும் ஆட்டத்தின்போது புள்ளி எழுதவும் பங்களாவுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. குத்தகை கொடுத்த புதிதில் மிராசுதார் இவரைக் கூப்பிட்டார். ஓய்ந்த பொழுதில் போய்வந்தார். கூலி எதுவும் கிடையாது, ஒரு டம்ளர் காப்பி. ஒரு மழைக்காலத்தில் சீமைக் கோல் ஒன்று நெடுக விரிசல் விட்டுவிட்டது. தூக்கிப் போடச் சொன்னார்கள். இவர் வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு மாதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்களாக் கொட்டகையில் மிராசுதாரின் அப்பா காலத்துக் குதிரை வண்டி மட்கிக் கிடந்தது. அதன் சட்டங்கள் ஆஷ் என்கிற சீமை மரம். கேட்டு வாங்கி அறுத்தார். முதல் மூன்று கோல்களும் அடுப்புக்குப் போயின. நாலாவதை மிராசுதார் கையில் எடுத்து ஒரு பந்தை அடித்துவிட்டு, தம்முடைய கோலை ஓரமாக வைத்தார். அன்று பிடித்த பைத்தியம்.

வேலை நுணுக்கமானது. கைப்பிடிப் பக்கம் வெள்ளை மரத்தின் நாலு புறத்திலும் கருங்காலித் துண்டுகளைச் சீவி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிற்றால் வரிந்து கட்டிப் பதினைந்து நாள் விடுவார். பிறகு இழைக்க இழைக்க, கருப்பும் வெள்ளையும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கூர்மையாக ஏறி நிற்கும். நாலு கூரும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும். ஒன்று குட்டையாகிவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது. நுனியில் பித்தளைப் பூண், பூணின் மேல் குங்குமப்பொட்டு அளவுக்குத் தோல். முடிந்த கோல்களைச் சாய்த்து வைத்தால் வளையும் என்று விட்டத்திலிருந்து நூலில் கட்டித் தொங்கவிடுகிறார். ஏழு கோல்கள் தொங்குகின்றன. அவர் மனைவி ஆனந்தவல்லி அவற்றுக்கு அடியில் குனிந்துதான் சமையலுக்குப் போக வேண்டும். "ஏழும் தூக்குல தொங்குதுங்க. வெளக்கு வெக்கிற வீடா இது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

எழுபதாம் வருஷ வாக்கில், புதுச் சட்டப்படி குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய சர்க்கார் குமாஸ்தா ஊருக்கு வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். பெயர் ஏறிவிட்டால் யாராலும் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. விவசாய சங்கத்து மருதையன் மூன்று நடை நடந்தார். "ஒரு கையெழுத்துண்ணே. பேரை மட்டும் குடுத்துருங்க. நாளைக்கு அழுதா வராது" என்று கெஞ்சினார். சரி என்றுதான் உத்திராபதியும் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் பங்களாவிலிருந்து அழைப்பு. "இன்னிக்கி நீ புள்ளி எழுத வேணாம்ப்பா. கோலை எடு, நாம ரெண்டு பேரும் ஆடுவோம்" என்றார் சாரங்கபாணி. பதினெட்டு வருஷமாக அந்த மேஜையைத் துடைத்திருக்கிறார், கோல் நேராக இருக்கிறதா என்று அதன்மேல் உருட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு பந்தையாவது அடித்ததில்லை. அன்று ஆடினார். கடைசிக் கருப்புப் பந்தை இவர்தான் பையில் தள்ளினார். விட்டுக்கொடுத்தாரோ என்னவோ, யார் கண்டது. மிராசுதார் கோல் நுனி வழுக்காமலிருக்கச் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டே, "ஏதோ பேரெல்லாம் எழுதுறாங்களாமே. நமக்குள்ள எதுக்குப்பா காயிதம்?" என்றார்.

"எதுக்குங்க" என்றார் உத்திராபதி.

அந்த வாரம் முழுக்க, கோலை வேட்டித்துண்டில் சுற்றிக்கொண்டு, குமாஸ்தா உட்கார்ந்திருந்த வராந்தாவைத் தாண்டித்தான் ஆடப் போனார். குமாஸ்தா தலைநிமிர்ந்து பார்த்ததுகூட அவருக்கு நினைவிருக்கிறது. அடுத்த வாரம் குமாஸ்தாவும் இல்லை, ஆட்டத்துக்கு அழைப்பும் இல்லை. கேட்பவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கிடைத்த மரியாதை எத்தனை பேருடைய கண்ணைக் கட்டியிருக்கிறது என்று யோசித்தால் கோபம் அடங்கிவிடும்.

பிறகு, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பு இறங்கியது. மிராசுதார் நிலத்தைப் பங்காளி பேரிலும் மருமகன் பேரிலும் பிரித்து எழுதினார், அகப்பட்டதை விற்றார். ஒன்பது மா, திருக்காட்டுப்பள்ளி ரைஸ்மில்காரர் ஒருவருக்குப் பேசி முடிந்தது. மருதையன் பழையதை எதையும் சொல்லிக் காட்டாமல் மனு எழுதி, இவரைத் தாசில்தார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். குத்தகை நெல்லுக்கு ரசீது எந்தக் காலத்திலும் கிடையாது. பக்கத்து வயல்காரர்கள் மிராசுதார் மனையில் குடியிருப்பவர்கள்; சாட்சி சொல்ல நாக்கு எழவில்லை. உத்திராபதியின் வாய் ஒன்றுதான் பாக்கி. "நிலத்தைப் பத்திக் கேட்டா மட்டும் பேசுங்கண்ணே" என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் மருதையன்.

"குத்தகையாவது! இவன் பங்களா ஆளுங்க. விளையாட்டுச் சாமான் செஞ்சு குடுக்கறது, துடைக்கறது, அதான் வேலை. வயலை நான் ஆள் வெச்சுப் பண்ணேன்" என்று சொல்லி, சாரங்கபாணி ஒரு கோலைத் தாசில்தாரின் மேஜைமேல் வைத்தார். அந்த நாலாவது கோல்.

தாசில்தார் தஞ்சாவூரில் கிளப்புக்குப் போகிறவர் போலிருக்கிறது. கோலை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நீட்டி உருட்டினார். "அடடா, நயமான வேலை. யார் செஞ்சது?"

மிராசுதாரைத் தவிர வேறொரு மனிதர் தம் கோலைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதை உத்திராபதி அதுவரை கண்டதில்லை.

"நான்தாங்க" என்று முன்னால் வந்தார்.

"பங்களாவுக்காகவா?"

"வேற எங்கங்க? ஆரம்பத்துலேருந்து பங்களாவுக்குத்தாங்க."

அதோடு நிறுத்தவில்லை. நாலு கூர் எப்படி ஒரே உயரத்தில் வருகிறது, வஜ்ஜிரம் எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று பத்து நிமிஷம் சொன்னார். தாசில்தார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பக்கத்தில் இருந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். வெளியே வந்ததும் மருதையன் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "கழுத்தை நீங்களே நீட்டிட்டீங்களேண்ணே" என்றார். உத்திராபதிக்கு அப்போதுதான் உறைத்தது. மனுதாரர் பங்களா ஊழியர், குத்தகைதாரர் அல்லர் என்று உத்தரவாகிவிட்டதாக மருதையன்தான் வந்து சொன்னார்.

இப்போது ஐம்பது வயதில் அடுத்த ஊர் வயல்களில் நாற்றுக்கட்டு சுமக்கிறார். உள்ளூரில் கூலிக்குப் போக மனம் வரவில்லை. அவர் வரப்பு கட்டிய வயலில் டிராக்டர் ஓடுகிறது. "யாரும் என்கிட்டேருந்து புடுங்கலைங்க. நானே குடுத்தேன். புடுங்கியிருந்தாலாவது திட்டிக்கிட்டுக் கெடக்கலாம்" என்கிறார். சங்கத்துக் கூட்டங்களுக்கும் போவதில்லை. போனால் மருதையன் நல்லபடியாகப் பேசுவார்; அதைத் தாங்க முடியாது. கையில் அகப்பட்ட கட்டையை இழைக்கிறார், பனையைப் பார்க்கிறார், மறுபடி இழைக்கிறார். முன்பு போல் எதுவும் கோலாக முடிவதில்லை. நேராக்கி நேராக்கி ஈர்க்குச்சியாக்கிவிடுகிறார்.

போன வாரம் பங்களாக் காவலாளி நாகநாதன் துணியில் சுற்றிய கோல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "நுனித்தோல் போயிடுச்சாம். புதுசு வெச்சு, பின்னாடி ஒட்டியிருக்கிற காயிதத்தையும் சொரண்டிட்டுக் குடுக்கச் சொன்னாங்க" என்றான். அவன் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனந்தவல்லி ரேஷன் அரிசிச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, "அடுப்புல வைங்க அதை" என்றாள்.

அவர் வைக்கவில்லை. பழைய தோலைச் சீவி எடுத்தார். புதிதை ஒட்டி, ஓரம் இழைத்து, விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோலைத் திருப்பினார். தாசில்தார் முன்னால் சாட்சியாக வைத்த அதே நாலாவது கோல். கருங்காலியின் மேல், தாலுகா ஆபீஸ் முத்திரை குத்திய ஒரு துண்டுத் தாள். வயலட் மை. எழுத்துக்கூட்டிப் படித்தார். 'மனுதாரர்: உத்திராபதி. சர்வே எண் 212/3. சான்று எண் 1.' அந்த நிலத்தின் எண்ணும் அவர் பெயரும் சேர்ந்து எழுதிய சர்க்கார் காகிதம் இருபத்திரண்டு வருஷத்தில் இது ஒன்றுதான் அவர் கைக்கு வந்தது.

சுரண்டவில்லை. ஈரத்துணியை அதன்மேல் சுற்றி ஊறவிட்டு, ஓரத்தை நகத்தால் தூக்கி, கிழியாமல் உரித்தெடுத்தார். தட்டிலிருந்து நாலு பருக்கையை எடுத்துத் தாளின் பின்பக்கம் நசுக்கித் தேய்த்தார். எழுந்து போய், பனை தெரிகிற வாசல் நிலையில் அதை ஒட்டினார். ஆனந்தவல்லி சாப்பிடக் கூப்பிட்டாள். அது காய்கிறவரை அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை.