தண்ணீர் என்று எழுதி அழித்த பலகை

டாக்டர் அய்யா, என் தங்கையின் எரிந்த கையில் மண்ணை அள்ளிப் போட வைத்தவர் நீங்கள்தான். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிப் போர்மேனைத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. அவர் தெரியாமல் செய்தார். நீங்கள் தெரிந்தே சும்மா இருந்தீர்கள்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் விருதுநகரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெளிநோயாளிகள் உட்காரும் வராந்தாவின் கோடியில் ஓர் அறை, சில அலமாரிகள், ஒரு நீள மேஜை. பின்பக்கம் மிளகாய் வத்தல் சேர்த்துவைக்கும் கிட்டங்கி. மூட்டை பிரிக்கிற நாளில் டாக்டர்கள் தும்மிக்கொண்டே படிப்பார்கள். அலமாரிகளை வாங்கிக் கொடுத்தவர் ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். என் தங்கை அந்தக் கம்பெனியில்தான் குழலில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகள் கப்பலில் வந்து, ரயிலில் வந்து, பழசாகித்தான் எங்கள் கைக்குச் சேரும். தைத்து அடுக்குவது என் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர்கள் கூடி, கட்டுரை வாசித்து, வடை தின்று, வாதாடிவிட்டுப் போவார்கள். பெரிய டாக்டரான உங்களுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. அதை நான் மறைக்க மாட்டேன். வாசித்ததில் ஜனங்களுக்கு உபயோகமானதை நீங்கள் தமிழில் சொல்வீர்கள், நான் வராந்தாக் கரும்பலகையில் எழுதுவேன். காசநோய்க்காரர் எங்கே துப்புவது, பேதி கண்ட பிள்ளையைப் பட்டினி போடலாமா, இப்படி. எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள்.

ஒரு சனிக்கிழமை தீக்காயம் பற்றி ஒரு கட்டுரை. நீங்களே வாசித்தீர்கள். தீப்பட்ட உடனே பச்சைத் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும், மை, மாவு, மண் எதையும் போடக் கூடாது என்பது அதன் சாரம். சின்ன டாக்டர் ஒருவர் கேட்டார்: "பட்டாசு மருந்துல தண்ணி பட்டா பத்திக்கும்னு இங்க எல்லாரும் சொல்றாங்களே சார்?"

அந்தப் பயம் பொய்ப் பயம் கிடையாது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானாகச் சூடேறிப் புகையும், பிறகு வெடிக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த ஜனங்கள். வேர்வையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் மருந்து அடைக்கும் ரூமுக்குள் போவார்கள். அதனால் உடம்பில் தீப்பிடித்த ஆளின் பக்கத்திலும் தண்ணீரைக் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் தொங்கும் சிவப்பு வாளி மணல்தான் எல்லாவற்றுக்கும்.

உங்கள் பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அது டப்பால இருக்கிற மருந்துக்குப் பொருந்தும். உடம்புல பட்ட மருந்து எரிஞ்சு போச்சு. தோலுக்குள்ள நிக்கிறது வெறும் சூடு. அதை இறக்கத் தண்ணிதான் வேணும்." இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் நீங்கள். அன்றைக்கே பலகையில் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன்.

மறுநாள் என்னைப் பார்க்க வந்த தங்கை அதை நின்று படித்தாள். அடுத்த முறை வரும்போது முகம் தொங்கிப் போயிருந்தது.

"போர்மேன் அண்ணாச்சி சிரிக்காருக்கா. ஒங்கக்கா பேச்சக் கேட்டு ரூமக் கொளுத்திப்புடாத தாயீங்காரு."

"டாக்டர் சொன்னதுன்னு சொல்ல வேண்டியதுதானட்டி?"

"சொன்னேனே. எழுதியிருக்கிறதக் கண்ணால பாத்தா நம்புதேன்னுட்டாரு. ரயிலுக்கு லோடு ஏத்த வாரப்ப இங்கன கூட்டியாறேன். அதுக்குள்ள அழிச்சுப்புடாத."

"நான் எதுக்குட்டி அழிக்கேன்?"

அந்த வாரமே கமிட்டித் தலைவர் வந்தார். பலகை முன்னால் நின்று படித்தார். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். நான் சாக்குக்கட்டியும் கையுமாக வாசலில் நின்றேன்.

"என்ன டாக்டர், தண்ணிய ஊத்துங்கன்னு எழுதியிருக்கீக? நாளைக்கு ரூமுக்கு ரூம் தொட்டி கட்டும்பானுக. வானம் பாத்த ஊருல அம்புட்டுத் தண்ணிக்கு எங்கன போக? மருந்துக்குப் பக்கத்துல தண்ணிய வச்சுட்டு ராத்திரி நான் தூங்கவா?"

"பொதுவா எழுதினதுதாங்க," என்றீர்கள்.

"அப்பம் பொதுவாவே அழிச்சிருங்க," என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

அவர் கார் கிளம்பிய பிறகு உங்களிடம் வந்தேன். தங்கை வேலையைச் சொன்னேன். போர்மேன் வரப்போவதைச் சொன்னேன். "இப்போதைக்கு அழிம்மா. பின்னால வேற மாதிரி எழுதிக்கலாம்," என்றீர்கள். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து வார்டு ஆளைக் கூப்பிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொன்னீர்கள். அதே இடத்தில் முருங்கைக்கீரையின் குணங்களை எழுதச் சொன்னீர்கள். அந்தப் ‘பின்னால்’ வரவே இல்லை.

சொன்ன சொல் தவறாமல் தங்கை போர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எங்க தாயி தண்ணி? கீரையில்ல போட்டிருக்கு. தீப்பட்டா கடைஞ்சு தடவணுமாக்கும்!"

"அண்ணாச்சி, இருந்துச்சு. அழிச்சுட்டாங்க," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமா இருந்தா எதுக்கும்மா அழிக்காக?"

 தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளி சீசனில் அவள் ரூமில் தீப்பிடித்தது. இரண்டு கையும் எரிய வெளியே ஓடி வந்தாள். வேப்பமரத்தடியில் குடிதண்ணீர்ப் பானை நிறைந்து இருந்தது. "தண்ணிய ஊத்துங்க, தண்ணிய ஊத்துங்க" என்று இவள் கத்தியிருக்கிறாள். ஒருத்தி செம்பை எடுத்துவிட்டாள். போர்மேன் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, வாளி மணலைத் தங்கை கைமேல் கொட்டினார். தீ அணைந்த பிறகும் கொட்டினார். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் கொட்டினார். லோடு லாரியில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

வெந்த சதையிலிருந்து மணலைச் சுரண்டி எடுத்தது நீங்கள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அப்போது நர்ஸைப் பார்த்து ஒன்று சொன்னீர்கள்: "இவ்வளவு மண்ணையா போடுவாங்க? எத்தனை சொன்னாலும் இந்த ஜனங்களுக்குப் புரியாது."

எத்தனை தடவை சொன்னீர்கள் அய்யா? ஒரே ஒரு தடவை. அதையும் நீங்களே அழித்தீர்கள்.

தண்ணீர் ஊற்றியிருந்தால் கை முழுசாகத் தேறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மண் போட்ட கை சீழ் பிடித்தது, அது எனக்குத் தெரியும். இப்போது அவளுக்கு இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. சோற்றை நான் ஊட்டுகிறேன். தலையை நான் பின்னிவிடுகிறேன். பாதிப் பின்னலில் சில நாள் கேட்பாள்: "அன்னைக்குப் பலகையில இருந்திருந்தா அண்ணாச்சி நம்பியிருப்பாருல்லக்கா?"

இப்போது ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பாராட்டு விழா என்று நோட்டீசு ஒட்டியிருக்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சியை ஏழைகளின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் என்று அதில் உங்கள் பெயருக்கு மேலே போட்டிருக்கிறது. நான் வருகிறேன். தங்கையையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். போர்மேனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, கமிட்டித் தலைவரும் ஊரும் கேட்க, போர்மேன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அது உண்மைதான் என்றால், எதற்கு அழிக்கச் சொன்னீர்கள்?