போகும்போது மட்டும் குறைந்த தண்ணீர்

எனக்கு வாய் அதிகம். பிறந்த வீட்டில் சொன்னார்கள், புகுந்த வீட்டில் சொன்னார்கள், கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமே சொன்னது. சொல்லாத ஒரே ஆள் என் கணவர். நான் கத்தி ஓயும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "முடிஞ்சுதா? சரி, காபி குடு" என்பார். அப்பேர்ப்பட்ட வாயை நான் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றரை வருஷம் மூடி வைத்திருந்தேன். அது ஒரு காரின் தண்ணீர் விஷயம்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. ஐம்பது வயது நிரம்புவதற்குள் ஆபீஸை விட்டு வீட்டோடு வந்துவிட்டார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

என் பள்ளிக்கூடம் கேளம்பாக்கத்தில். வண்டலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போய், அதே மாதிரி திரும்பி வீடு சேர மாலை ஏழு ஆகிவிடும். அதுவரை அவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் போர்ட்டிகோவில் சும்மா நின்றது. வேலையை விட்டுவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். "காரை விக்க வேணாம். நீ ஓட்டக் கத்துக்கோ. வண்டிய நான் பாத்துக்கறேன்."

நாற்பத்திநாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அவரும் சொன்னபடி வண்டியைப் பார்த்துக்கொண்டார். தினமும் காலை ஏழரைக்கு போர்ட்டிகோவுக்குப் போவார். பானட்டைத் தூக்கிக் கம்பியை நிறுத்துவார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விடுவார். விரலை எடுத்துக் கன்னத்தில் ஒருமுறை தொட்டுக்கொள்வார். ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். குறைந்திருந்தால் குடத்திலிருந்து ஊற்றி, மூடியைப் போட்டுத் திருகி, அதன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஃபுல்லா இருக்கு, டீச்சர் கிளம்பலாம்" என்று குரல் கொடுப்பார். நான் போய் பானட்டை மூடுவேன். காய் நறுக்குவது போயிற்று, பேப்பர் போயிற்று, கடைக்குப் போவது போயிற்று. எனக்காக அவர் செய்யக்கூடிய வேலை என்று அவர் கையில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரண்டு வருஷம் நன்றாக ஓடிய வண்டி, ஒரு ஆனி மாதத்தில் கொதிக்க ஆரம்பித்தது. வண்டலூர் ரயில்வே கேட்டில் நிற்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறும். மாம்பாக்கம் தாண்டுவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, துணியைப் போட்டு மூடியைத் திறந்தால் பாதித் தண்ணீர் இருக்காது. அந்தக் காலத்தில் எங்களுடையது மாதிரி வண்டிகளுக்குக் கூலன்ட் எல்லாம் யார் ஊற்றினார்கள், வெறும் தண்ணீர்தான். ரோட்டோரக் கைப்பம்பில் அடித்து ஊற்றிக்கொண்டு, புடவையெல்லாம் நனைந்து, முதல் பீரியடுக்கு லேட்டாகப் போய் நிற்பேன். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன்.

வண்டிக்கு அடியில் பேப்பரை விரித்துப் பார்த்தோம். ராத்திரி முழுக்க ஒரு சொட்டு இல்லை. நடுவில் கடைக்குப் போய் வந்த சூட்டோடு நிறுத்தியும் பார்த்தோம். பேப்பர் காய்ந்தபடியே கிடந்தது.

கேம்ப் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட். அந்த மெக்கானிக் என் கணவருக்குப் பல வருஷப் பழக்கம். ஹோஸ் எல்லாம் மாற்றினார். வாட்டர் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். ரேடியேட்டரைத் தொட்டியில் அமுக்கி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே கசிகிறதோ என்று எனக்கு பயம். மெக்கானிக் ஆயில் கம்பியை உருவி என் முகத்துக்கு நேரே காட்டினார். "உள்ள பூந்திருந்தா ஆயில் மோராட்டம் வெளுத்துப் போயிருக்கும் டீச்சரம்மா. பாருங்க, எப்டி கீதுன்னு." தேன் நிறத்தில் சுத்தமாகத்தான் இருந்தது. வண்டியை நாலு நாள் ஷெட்டிலேயே வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் போனேன். "தினிக்கும் பொத்தேரி வரிக்கும் ஓட்டிகினு போய்ட்டு வந்தேன். ஒரு சொட்டு குறையல. வண்டி மேல தப்பில்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயே, கோச்சிக்காதீங்க. நான் அப்டி சொல்லுவேனா?"

"வண்டி மேல தப்பில்லன்னா வேற யார் மேல?"

அவர் ஷெட்டின் கூரைத் தகரத்தைப் பார்த்தார். "கிளட்ச்சுல கால வச்சிகினே ஓட்றீங்களோ இன்னாவோ."

நான் அங்கேயே ஒரு பாட்டம் ஆடித் தீர்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை வண்டலூர் கேட்டில் முள் ஏறியது.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. காலையில் போகும்போதுதான் கொதிக்கும். மாலையில் வரும்போது, அதே ரோடு, அதே கேட், ஒன்றும் ஆகாது. இதை அவரிடம் சொன்னேன். "காலைல அவசரம். போட்டு மிதிக்கற. சாயந்திரம் நிதானமா வர்ற. அவ்வளவுதான்" என்றார்.

"நான் மிதிக்கறத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று உறைத்தது. அன்று அவர் காபி கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தைக்காக நான் என்னையே திட்டிக்கொள்வதுண்டு.

ஆடி மாதம் மாம்பாக்கம் ஏரிக்கரையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன். மாலையில் விஷயம் தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "பொம்பள தனியா அந்தப் பொட்டக்காட்டுல நிக்கறது. என்னால வந்து தள்ளக்கூட முடியாது. இன்னொரு தடவ இப்படி நின்னா வித்துடுவோம்" என்றார். விற்றுவிட்டால் எனக்கு மறுபடி ஏழு மணி பஸ். அவருக்குக் காலையில் எழுந்து செய்ய ஒரு வேலையும் இருக்காது. அவர் அதை எவ்வளவு யோசித்துச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்துபோனேன்.

அப்புறம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுக்கை. பக்கத்து வீட்டுக்கார அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த மூன்று நாளும் நானே தண்ணீர் பார்த்து, நானே மூடிவிட்டுக் கிளம்பினேன். மூன்று நாளும் முள் நடுவிலேயே நின்றது. நாலாம் நாள் அவர் எழுந்துவிட்டார். நாலாம் நாள் கொதித்தது. கணக்கு டீச்சர் என்று பெயர், இத்தனை நாள் போட வேண்டிய கணக்கைப் போடவே இல்லை. ஷெட்டில் மூடியது மெக்கானிக். வழியில் தண்ணீர் ஊற்றி மூடியது நான். காலையில் மட்டும் அவர்.

மறுநாள் காலை சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ரேடியேட்டர் மூடிக்கு இரண்டு கட்டம் உண்டு. வைத்துத் திருகினால் முதலில் ஓரிடத்தில் நிற்கும். அமுக்கி இன்னும் திருகினால்தான் இறுகும். முதல் கட்டத்திலேயே விட்டால் மூடின மாதிரியே தெரியும், நிற்கும் வண்டியில் ஒரு சொட்டு வராது. ஓடிச் சூடானதும் பக்கத்துச் சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் ரோட்டோடு போய்விடும். அவர் மூடியை வைத்தார். திருகினார். முதல் கட்டத்தில் அது நின்றதும் தலையில் தட்டினார். "ஃபுல்லா இருக்கு!"

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். இரண்டு மாதம்! என் மிதி, என் கால், என் அவசரம்! "நீங்கதானா?" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தேன் என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு வந்தேன், சத்தம் வரவில்லை. அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டு, இரண்டாம் தடவை மூடியைத் திறந்தார். சரியாகப் பார்க்கவில்லையோ என்று சந்தேகம் போல. விரலை விட்டார், எடுத்தார், கன்னத்தில் வைத்தார். அப்போதுதான் புரிந்தது. விரலில் ஈரம் பட்டதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கன்னத்தைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. கொதிக்கிற காபி டம்ளரைப் பிடித்துக் கொப்புளம் வந்ததும் அவருக்கே தெரியாமல் இருந்தது, நான் "கவனமே இல்ல" என்று திட்டியது. பட்டன் சட்டையை விட்டுவிட்டு, தலைவழியாகப் போடுகிற பனியனே சௌகரியம் என்று அவர் ஆரம்பித்தது. கண் போன மனுஷனுக்கு விரல்தான் எல்லாம். அந்த விரலும் போய்க்கொண்டிருக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்.

சொல்லவில்லை. "வந்துட்டேங்க" என்றேன். அவர் உள்ளே போகும் வரை காத்திருந்து, மூடியை அமுக்கித் திருகி, பானட்டைச் சாத்தினேன். வழியெல்லாம் அழுதேன். முள் அசையவில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வண்டி கொதிக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து அவர் சொன்னார், "பாத்தியா? நிதானமா ஓட்டினா தண்ணி ஏன் குறையப்போவுது?"

"ஆமாங்க. என் மேலதான் தப்பு."

பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி சந்தோஷப்பட்டார். ஷெட்டுக்குப் போனபோது மெக்கானிக், "இன்னா டீச்சரம்மா, லீக்கு இன்னா ஆச்சு?" என்றார். "கிளட்ச்சுல கால் வச்சுத்தான் ஓட்டியிருக்கேன்" என்றேன். அவர் பெருந்தன்மையோடு தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையும் விழுங்கினேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு மாசி மாதக் காலை, பானட்டைச் சாத்தப் போனவள் காரின் முன்னால் சிமெண்ட் தரையில் ஒரு கறையைப் பார்த்தேன். பழுப்பாக, காசளவு. ஐயோ, மறுபடி ஆரம்பித்துவிட்டதா என்று குனிந்தேன். துருத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். ரேடியேட்டரைத் திறந்தால் தளும்ப நின்றது. அப்புறம் படியில் இன்னொரு கறை. ஹால் வாசலில் இன்னொன்று. அது சிவப்பாகவே இருந்தது.

அவர் நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். வலது செருப்பில் அடியிலிருந்து ஒரு ஆணி மேலே ஏறியிருந்தது. செருப்பைப் பிடித்து இழுத்தேன், சதையோடு வந்தது. வாடை அடித்தது. "என்ன பண்ற அங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதம் முழுவதும் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் டாக்டர் வந்து, "கால் எத்தனை நாளா மரத்திருக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் டாக்டர், ஒரு மாசமா இருக்கும்."

"கை?"

"கை நல்லா இருக்கு."

"கை ஒன்றரை வருஷமா மரத்திருக்கு டாக்டர்" என்றேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கையே மரத்துப்போச்சுன்னா காலு அதுக்கு முன்னாடியே போயிருக்கும்மா. அப்பவே சொல்லியிருந்தா தினமும் காலைப் பாக்கச் சொல்லியிருப்போம், செருப்பை மாத்தச் சொல்லியிருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரின் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் அவர் கேட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியேட்டர் மூடி. நீங்க பாதிதான் திருகுவீங்க."

யோசித்தார். "அப்ப தண்ணி போனது..."

"ஆமாங்க."

"தினமும் நீதான் முடுக்கினியா?"

"ஆமாங்க."

"நீ ஓட்டறதைக் குத்தம் சொன்னேனே. ஊரெல்லாம் சொன்னேனே."

"சொன்னீங்க."

"கத்தியிருக்கலாமேம்மா" என்றார். "உனக்கா வாய் இல்ல?"

இருபத்தேழு வருஷத்தில் அவர் என் வாயைப் பற்றிச் சொன்னது அன்றுதான். அவர் மறைத்ததைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நானும் மறைத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாசலில் நின்று வழக்கம்போல நான் கத்தியிருந்தால் அந்தக் கால் இருந்திருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையை நீட்டித் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்தார். ஒரு விரலை என் கண்ணுக்குக் கீழே வைத்தார். பிறகு அந்த விரலை எடுத்துத் தன் கன்னத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.