பத்தாம் எண்ணை நான்தான் போட்டேன்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். ஷைனி டீச்சரோடு நம் பள்ளியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஷைனி டீச்சரின் தங்கை போனில் கூப்பிட்டாள். "டீச்சரே, அக்கா போயிட்டா."

"எங்க போனா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"குளிக்கப் போனவ குளிமுறியில விழுந்தா. ஆசுபத்திரிக்கு கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு."

முந்தின நாள் மாலை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவர். முப்பத்தாறு வயது.

கணினி அறையின் இருபது லினக்ஸ் கணினிகளும் சர்வரும் வயரில் இணைந்தவை. வீட்டு முகவரி மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; எதற்கு எந்த எண் என்று முடிவு செய்தவர் அவர். சர்வருக்குப் பத்து. புதிதாக ஒன்றைக் கொடுக்குமுன், "இந்த நம்பர் ஆருக்காவது உண்டா?" என்று அறை முழுக்கக் கேட்கிறமாதிரி கேட்பார். "வயரக் குத்தினா மட்டும் போதாது மக்கா. ஒரே நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் என்ன செய்வான்?"

போன பரீட்சையின்போது அதே வயரில் இணைந்த என் மேசைக் கணினிக்கு வழக்கமாகத் தானாக வரும் எண் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மதிப்பெண்ணை ஏற்றிவிட்டு ஓட வேண்டும். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்து எழுதினால் சரியாக இருக்கும் என்று, சர்வரில் இருந்த எண்களை அப்படியே என் கணினியில் போட்டேன். பத்து உட்பட.

மறுநாள் பிள்ளைகளின் செய்முறைத் தேர்வில் இணைப்பு வந்து வந்து போனது. ஷைனி டீச்சர் இரண்டு நாள் மேசைக்கடியில் கிடந்து வயர் மாற்றினார்.

"தெரியலேன்னா தெரிஞ்ச ஆள விளிக்கணும் டீச்சரே," என்றார் தலைமையாசிரியர், எல்லோர் முன்னாலும்.

"சாரும் கீழ வாருங்க, இங்க நல்ல குளிரு உண்டு," என்று அடியிலிருந்து குரல் வந்தது. நாம் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்று மாலைதான் தபால்காரன் ஞாபகம் வந்து எனக்கு உறைத்தது. என் கணினியைப் பழையபடி எண் தானாக வரும்படி மாற்றினேன். வாய் திறக்கவில்லை. என்னுடையது தற்காலிக வேலை. இணைப்பு சரியாகிவிட்டது. இணைப்பு போனதற்குக் காரணம் 'ஷைனி டீச்சரின் கவனக்குறைவு' என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதினார்கள். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம் அவர் என் மேசைக்கு வந்து, என் கணினியில் வயர் இணைப்பின் எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்து, மூடினார். "வயரு பொய் சொல்லாதாக்கும்," என்றார். பிறகு, "சாயா குடிக்க வாறியா?"

அதற்குப் பிறகு தினமும் சொல்லிவிட நினைத்தேன். கடைசியாக அந்த பஸ்ஸிலும் நினைத்தேன். இறங்கும் இடம் வந்துவிட்டது.

எதையும் தொடுமுன் சத்தமாகக் கேட்டுவிடும் அவர் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். புதன்கிழமை இரங்கல் கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லி, பதிவேட்டைத் திருத்தச் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்ததா? உங்களில் யாரிடமாவது சொன்னாரா? நான் வருந்துவேன் என்று மறைக்க வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.