சித்தி கிள்ளி எறிந்த பூக்கள்

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் சித்தி ஒரு பூசணிக்கொடி போட்டிருந்தாள். சித்தி அம்மாவின் தங்கை. எங்களுக்குப் பக்கத்து வீடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று எல்லோரும் ஒன்றாக வந்தவர்கள். கொடி கூரை ஏறிப் பூத்துத் தள்ளியது. ஒரு காய்கூடத் தங்கவில்லை.

சித்திக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. பகலெல்லாம் டேமேஜ் பீஸை ஒதுக்கிப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. அடியில் பிஞ்சில்லாத பூக்களையெல்லாம் தண்டம் என்று காலையிலேயே கிள்ளி எறிந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பிஞ்சோடு வந்த பூக்களும் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் சித்திக்குக் குழந்தையில்லை. ஆஸ்பத்திரிக்கெல்லாம் அம்மாதான் கூடப் போனாள். ஆம்பளைக்கு எதற்குச் சோதனை என்று சித்தப்பா வீட்டில் கேட்டுவிட்டார்கள். தைக்குள் விசேஷம் இல்லையென்றால் சித்தியை ஊருக்கே அனுப்பிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். என் காதிலும் அது விழுந்தது. வரும்போது பனங்கிழங்கு வாங்கி வருவாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வாரம் பள்ளியில் செடிகள் பெருகும் விதம் பற்றிய பாடம் நடந்தது. கோடிக்கணக்கான வருஷங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைக் கண்டுகொண்டதாம். வாழை பக்கத்தில் கன்று விடும். ரணகள்ளிக்கு இலை ஓரத்திலேயே குட்டிச்செடி முளைக்கும். பூசணிக்கோ ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் மகரந்தம் சேர்ந்தால்தான் காய். சித்தி தண்டம் என்று எறிந்ததெல்லாம் ஆண் பூ. ஓடிவந்து சொன்னேன்.

சித்தி காலையில் எறிந்த பூ ஒன்றைக் குனிந்து எடுத்தாள்.

"வாழை குடுத்து வச்சதுட்டி. அதுக்கு யார் தயவும் வேண்டாம்" என்றாள். பிறகு, "அப்போ காய் புடிக்கலேன்னா பொம்பளப் பூவ மட்டும் குத்தம் சொல்லக் கூடாது, அப்படித்தான?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"இத உங்க சித்தப்பாட்டயும் சொல்லுதியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் முன்னால் நின்று, ஆண் பூவும் சரியாக இருந்தால்தான் காய் பிடிக்கும் என்று ஒப்பித்தேன். அவர் பாதிச் சோற்றில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் சித்தி ஒரு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினாள். அந்தப் பூ உதிரவில்லை. காய் முற்றுவதற்குள் தை வந்துவிட்டது. வெயிலில் வெம்பாமல் பனியன் துணியைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு சித்தி பஸ் ஏறினாள். பனங்கிழங்கை மறந்துவிடாதே என்று நான் கத்தினேன். அவள் திரும்பி வரவேயில்லை.

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதற்கு, நான் பாடத்தை விளங்கும்படி சொல்லாததுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.